சங்கப் பணத்தில் நடந்த கொலை

அமெரிக்க நிலக்கரித் தொழிலாளர் சங்கத்தின் இரண்டு ஜில்லாக்கள்

1969-ம் வருஷம் டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்தின் மேற்குக் கோடியிலுள்ள கிளார்க்ஸ்வில் என்ற சிற்றூரில், பழைய கல் வீடு ஒன்றின் வாசலில் முன்பின் தெரியாத இருவர் வந்து நின்றனர். தாங்கள் வேலையற்ற சுரங்கத் தொழிலாளர்கள் என்றும், வேலைக்கு ஏதாவது வழி செய்ய முடியுமா என்றும் கேட்டனர். வீட்டுக்காரர் தம் ஆயுளில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்களைப் பார்த்தவர். வந்தவர்களின் பேச்சும் தோரணையும் அவருக்குச் சந்தேகத்தை உண்டாக்கின. அவர்கள் போன பின், அவர்களுடைய மோட்டார் காரின் நம்பரை ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக் கொண்டார்.

அந்தக் காகிதத்தைப் பின்னால் எடுத்துப் பார்த்தவர்கள் போலீஸார். டிசம்பர் 31-ந் தேதி விடிவதற்கு வெகு நேரம் முன்பே, அந்த வீட்டின் டெலிபோன் கம்பியைத் துண்டித்து விட்டு உள்ளே புகுந்தவர்கள், தூங்கிக் கொண்டிருந்த மூவரைச் சுட்டுக் கொன்றார்கள். வீட்டுக்காரர் ஜோஸப் யப்லான்ஸ்கி, அவருடைய மனைவி மார்கரெட், 25 வயது மகள் சார்லெட். ஐந்து நாட்கள் வரை வெளியில் யாருக்கும் தெரியவில்லை. ஜனவரி 5-ந் தேதி மூத்த மகன் வந்து கதவைத் திறந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது.

கொள்ளைக்காக நடந்த கொலை அல்ல இது. குடும்பப் பகையும் அல்ல. யப்லான்ஸ்கி ஒரு தொழிற்சங்கத்தில் ஜில்லாத் தலைவராக இருந்தவர். அவரைக் கொல்ல ஆள் பிடித்தது அதே சங்கத்தின் இன்னொரு ஜில்லாக் காரியாலயம். கூலி கொடுக்கப்பட்ட பணமோ, தொழிலாளர் செலுத்திய சந்தாப் பணம்!

ஜில்லா என்பது என்ன?

‘ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கம்’ என்ற அந்த ஸ்தாபனம் 1890-ல் ஒஹையோ மாகாணத்தில் கொலம்பஸ் நகரில் தோன்றியது. கானடாவிலும் அங்கத்தினர்கள் இருந்தபடியால் தலைமை ஸ்தாபனத்துக்குச் ‘சர்வதேசச் சங்கம்’ என்று பெயர். அடியில் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஓர் உள்ளூர்க் கிளை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஜில்லா. நம் ஊர் ஜில்லாவைப் போல் சர்க்கார் போட்ட எல்லை அல்ல. நிலக்கரி எங்கே கிடைக்கிறதோ அதை ஒட்டிச் சங்கமே வகுத்துக் கொண்ட பிரதேசம். பிட்ஸ்பர்க்கைச் சுற்றிய மேற்குப் பென்ஸில்வேனியா 5-வது ஜில்லா. கென்டக்கியின் தென்கிழக்கு மூலையும் அதை ஒட்டிய டென்னஸியும் 19-வது ஜில்லா. இப்படி 1960-களில் இருபதுக்கு மேற்பட்ட ஜில்லாக்கள்.

நெய்வேலியில் வெட்டவெளியில் பழுப்பு நிலக்கரி எடுப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஜில்லாத் தலைவரின் முக்கியத்துவம் சட்டென்று விளங்காது. அங்கேயெல்லாம் மலையைக் குடைந்து, பூமிக்குக் கீழே மைல் கணக்கில் போய் நிலக்கரி வெட்ட வேண்டும். மேற்கூரை இடிந்து விழலாம். கண்ணுக்குத் தெரியாத மீதேன் வாயு தீப்பற்றி வெடிக்கலாம். ஒரு சுரங்கத்தில் வாயு அதிகமாகி விட்டது, உள்ளே போக மாட்டோம் என்று ஆட்கள் நின்றுவிட்டால், முதலாளியிடம் பேசி நியாயம் கேட்பவர் ஜில்லா அதிகாரிதான். வாஷிங்டனில் இருக்கும் பெரிய தலைவரைத் தொழிலாளி படத்தில்தான் பார்ப்பான். ஜில்லாத் தலைவரை நேரில் பார்ப்பான். தன்னுடைய ஓட்டினால் வந்தவர் அவர் என்றால் அவருக்குத் தன்னிடம் பயமிருக்கும். மேலிடம் அனுப்பிய ஆள் என்றால் மேலிடத்தினிடம்தான் பயமிருக்கும். அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளரின் ஐம்பது வருஷச் சண்டை இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

லூயிஸின் சாம்ராஜ்யம்

1920 முதல் 1960 வரை நாற்பது வருஷம் சங்கத்தின் தலைவராக இருந்தவர் ஜான் எல். லூயிஸ். அடர்ந்த புருவமும் சிங்கம் போன்ற குரலும் கொண்ட இவரைக் கண்டு ஜனாதிபதிகளும் தயங்கினார்கள் என்றால் மிகையாகாது. தொழிலாளருக்கு அவர் செய்தது கொஞ்சமல்ல. 1946-ம் வருஷ வேலை நிறுத்தத்தின் முடிவில், வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் 5 சென்ட் வீதம் தொழிலாளர் சேமநல நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை வாங்கினார். அந்த நிதியிலிருந்து முதியோருக்குப் பென்ஷன் கிடைத்தது. 1956-ல் மலைப் பிரதேசத்தில் பத்து ஆஸ்பத்திரிகள் திறக்கப்பட்டன. அதற்கு முன் டாக்டர் முகத்தையே கண்டிராத குடும்பங்கள் லூயிஸின் படத்தை ஏசுநாதர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. சங்க விதிகளில், ஒழுங்கு கெட்ட ஜில்லாவின் அதிகாரத்தைப் பறித்துத் தலைமையே தற்காலிகமாக நிர்வாகிகளை நியமிக்கலாம் என்று ஒரு ஷரத்து உண்டு. லூயிஸ் ஒவ்வொரு ஜில்லாவாக இந்த ஷரத்தைப் பிரயோகித்தார். ‘தற்காலிகம்’ என்பது இருபது வருஷம், முப்பது வருஷம் என்று நீண்டது. எதிர்த்தவர்கள் கதி என்ன? 1926-ல் 2-வது ஜில்லாவின் தலைவர் ஜான் பிராஃபி, லூயிஸை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். தோற்றார். பிறகு சங்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். அதன் பின் வெகு காலம் யாரும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

1959-ல் அமெரிக்கக் காங்கிரஸ் தொழிற்சங்க நிர்வாகம் பற்றி ஒரு சட்டம் இயற்றி, இப்படிப்பட்ட ‘தற்காலிக’ நிர்வாகத்தைப் பதினெட்டு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும் என்றது. 1964-ல் சர்க்கார் சங்கத்தின் மேல் வழக்கும் தொடர்ந்தது. அந்த வழக்கு தீர்ந்தது 1972-ல்! எட்டு வருஷம் அது தூங்காதிருந்தால் மூன்று உயிர்கள் பிழைத்திருக்கலாமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

லூயிஸ் ஓய்வு பெற்றபோது சங்கம் வெளியே கோட்டை போலவும் உள்ளே செல்லரித்தும் இருந்தது. 1950-ல் இயந்திரங்களைப் புகுத்த அவர் சம்மதித்த பின், நான்கு லட்சத்துக்கு மேல் இருந்த சுரங்கத் தொழிலாளர் தொகை 1960-களில் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. வேலையிலிருப்பவர்களுக்குச் சமமாக ஓய்வு பெற்றவர்களும் ஓட்டுரிமையோடு இருந்தார்கள். இந்த முதியவர்களின் பென்ஷன் சங்கத் தலைமையின் கையில். இதை மனத்தில் வைத்துக் கொண்டு மேலே படிக்க வேண்டும்.

இரண்டு ஜில்லாக்கள்

1963-ல் தலைவர் பதவிக்கு வந்தவர் டோனி பாயில். மேற்கே மொன்டானா மாகாணத்து ஆள். லூயிஸிடம் உதவியாளராக இருந்தவர். லூயிஸின் அதிகாரம் முழுவதும் அவருக்குக் கிடைத்தது. லூயிஸின் செல்வாக்கு மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் குறையைப் பயத்தால் நிரப்பப் பார்த்தார்.

அதற்குத் துணை நின்றது 19-வது ஜில்லா. ஹார்லான் கவுன்டி இந்த ஜில்லாவில் அடங்கியது. 1930-களில் முதலாளிகளின் அடியாட்களும் தொழிலாளரும் துப்பாக்கி தூக்கிச் சண்டையிட்டதால் ‘இரத்த ஹார்லான்’ என்று பெயர் பெற்ற இடம். சங்கம் அங்கே பிறந்ததே துப்பாக்கி வெடிச் சப்தத்தில் என்று சொல்லலாம். வன்முறைக்குப் பழகிய கை, எதிரில் முதலாளி இல்லாதபோது சொந்தச் சங்கத்தாரின் மேலும் ஓங்கியது. 1964-ல் ஃபிளாரிடாக் கடற்கரையில் நடந்த சங்க மகாநாட்டுக்கு, இந்த ஜில்லாவிலிருந்து ஒரு கூட்டம் வெள்ளை ஹெல்மெட் அணிந்து வந்தது. ஹெல்மெட்டில் ஜில்லாவின் பெயர் எழுதியிருந்தது. பாயிலுக்கு விரோதமாக மைக்கின் அருகே போனவர்களை அவர்கள் எல்லோரும் பார்க்க அடித்தார்கள். அதே மகாநாட்டில், தலைவர் தேர்தலுக்கு நிற்க விரும்புபவரை 5 கிளைகள் பிரேரணை செய்தால் போதும் என்றிருந்த விதி 50 கிளைகள் என்று மாற்றப்பட்டது.

இந்த ஜில்லாவின் தலைவர் வில்லியம் டர்ன்பிளேஸர். இவருடைய தகப்பனாரும் முன்பு அதே ஜில்லாவின் தலைவர். மகன் வக்கீலுக்குப் படித்தவர். ஆனால் உண்மையான அதிகாரம் காரியதரிசியும் பொக்கிஷதாருமான ஆல்பர்ட் பாஸ் என்பவரிடம் இருந்தது.

யப்லான்ஸ்கியின் 5-வது ஜில்லா வேறு மாதிரி. நிர்வாகிகளை அங்கத்தினரே தேர்ந்தெடுக்கும் உரிமை மிச்சமிருந்த சொற்ப ஜில்லாக்களில் அது ஒன்று. யப்லான்ஸ்கி 1910-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். தகப்பனார் சுரங்க விபத்தில் மாண்டார். உள்ளூர்க் கிளையில் ஆரம்பித்து, சர்வதேச நிர்வாகக் குழுவில் இடம் பெற்று, 1958-ல் ஜில்லாத் தலைவரானார். கரகரத்த குரல், அடர்ந்த புருவம், கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் பேச்சு. பாயிலுக்கும் இவருக்கும் ஒத்துக் கொள்ளவில்லை. 1960-களின் நடுவில் பாயில் அவரை ஜில்லாத் தலைவர் பதவியிலிருந்து விலக வைத்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். யப்லான்ஸ்கி ஆரம்பத்திலிருந்தே புரட்சி வீரர் அல்ல. பல வருஷங்கள் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து மற்றவர்களைப் போலவே கை தூக்கினார். பதவி போன பின்னும் மேடைகளில் பாயிலைப் புகழ்ந்திருக்கிறார். பிற்பாடு பத்திரிகைக்காரர்கள் இதைக் கிளறியபோது அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. மனிதர் மாறினார் என்பதே விசேஷம்; அவரை மாற்றியது ஒரு வெடிவிபத்து.

78 பேர்

1968 நவம்பர் 20-ந் தேதி அதிகாலை, மேற்கு வர்ஜினியாவில் ஃபார்மிங்டன் அருகே ‘கன்ஸால் 9-ம் நம்பர்’ சுரங்கம் வெடித்தது. இரவு முறை வேலையில் 99 பேர் உள்ளே இருந்தார்கள். 21 பேர் தப்பி வந்தார்கள். தீயும் புகையும் நிற்கவில்லை. பத்து நாட்களுக்குப் பிறகு, காற்றை நிறுத்தித் தீயை அணைப்பதற்காகச் சுரங்கத்தின் வாய்களை அடைத்தார்கள். உள்ளே 78 பேர். அவர்களில் 19 பேரின் உடல்கள் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

சுரங்கத்துக்கு மேலே உறவினர் அழுது கொண்டு நிற்கிறார்கள். டெலிவிஷன் காமிராக்கள் பார்த்துக் கொண்டிருக்கின்றன. அங்கே வந்தார் டோனி பாயில். நிலக்கரி வெட்டுகிற வரையில் அபாயமும் இருக்கத்தான் செய்யும் என்றார். அந்தக் கம்பெனி பாதுகாப்பு விஷயத்தில் ஒத்துழைக்கும் நல்ல கம்பெனி என்றும் சொன்னார். முதலாளி சொல்லக் கூசும் வார்த்தையைத் தொழிலாளர் தலைவர் சொன்னார்.

அடுத்த பிப்ரவரியில் மேற்கு வர்ஜினியாவில் சுமார் 40,000 தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வுக்காக அல்ல. நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் ‘கரு நுரையீரல்’ நோய்க்கு நஷ்டஈடு கேட்டு. மூன்று வாரங்களுக்கு மேல் நடந்த இந்த வேலை நிறுத்தத்தைச் சங்கத் தலைமை ஆதரிக்கவில்லை. நோயாளிகளும் சில டாக்டர்களும் சேர்ந்து நடத்தினார்கள். மாகாண சட்டசபை சட்டம் செய்தது. சங்கத் தலைமை இல்லாமலே ஜெயிக்கலாம் என்பதைத் தொழிலாளர் அன்று கண்டு கொண்டார்கள்.

1969 மே 29-ந் தேதி வாஷிங்டனில் ஒரு ஹோட்டலில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, பாயிலை எதிர்த்துத் தலைவர் பதவிக்கு நிற்பதாக யப்லான்ஸ்கி அறிவித்தார். ஜில்லாக்களுக்குத் தேர்தல் உரிமை, சுரங்கப் பாதுகாப்பு, சங்கத்தில் சொந்தக்காரர்களுக்குப் பதவி கொடுப்பதை நிறுத்துவது ஆகியவை அவருடைய திட்டம்.

விசித்திரமான தேர்தல்

அபேட்சகராக நின்ற அந்த ஆறு மாதமும் யப்லான்ஸ்கிக்கு நரகம். அறிவித்த சில நாட்களில் அவருடைய சங்க உத்தியோகம் பறிக்கப்பட்டது. கோர்ட்டுக்குப் போய்த் திரும்பப் பெற்றார். ஜூன் மாதக் கடைசியில் இல்லினாய்ஸில் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரக் கூட்டத்தில் யாரோ பின்னாலிருந்து கழுத்தில் அடித்து நினைவிழக்கச் செய்தார்கள். சங்கப் பத்திரிகையில் பாயிலின் படமே பக்கத்துக்குப் பக்கம் வந்தது. எதிரியின் பெயரைக் காண முடியவில்லை. அதற்கும் கோர்ட் உத்தரவு வேண்டியிருந்தது. ஐம்பது கிளைகளின் பிரேரணை கிடைக்காது என்று பாயிலின் ஆட்கள் எண்ணியிருந்தார்கள். அதையும் தாண்டிப் பெற்றார்.

ஜூன் 11-ந் தேதி முதியவர் லூயிஸ் காலமானார். சேமநல நிதியின் தர்மகர்த்தாக்களில் அவரும் ஒருவர். அவரை அடக்கம் செய்த சூடு ஆறுவதற்குள், அந்த இடத்துக்கு வந்த பாயில் மாதப் பென்ஷனை 115 டாலரிலிருந்து 150 டாலராக உயர்த்தச் செய்தார். எதிரியால் என்ன சொல்ல முடியும்? பென்ஷன் உயர்வு தப்பு என்று சொன்ன அபேட்சகர் உலகத்தில் உண்டா? இரண்டு வருஷம் கழித்து வாஷிங்டன் நீதிபதி ஒருவர் அந்த நிதியின் கணக்கைப் பார்த்தார். கோடிக்கணக்கான டாலர் நிதி, சங்கத்துக்கே சொந்தமான பாங்கியில் வட்டி இல்லாமல் கிடந்ததைக் கண்டித்துத் தீர்ப்பளித்தார்.

யப்லான்ஸ்கியின் வக்கீல் ஜோஸப் ராவ், தொழில் இலாகாவுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். அக்கிரமம் நடக்கிறது, இப்போதே விசாரியுங்கள் என்றார். தேர்தல் முடியட்டும், பிறகு புகார் வந்தால் பார்க்கலாம் என்பதே இலாகாவின் பதில். வீடு எரிந்து முடிந்த பின் தண்ணீர் கொண்டு வருகிறோம் என்பது போலத்தான்.

டிசம்பர் 9-ந் தேதி ஓட்டெடுப்பு. ஏறத்தாழ 2-க்கு 1 என்ற விகிதத்தில் பாயில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். வேலை செய்யும் தொழிலாளி ஒருவர் கூட இல்லாத, பென்ஷன்காரர்கள் மட்டுமே உள்ள கிளைகள் பல. அங்கெல்லாம் பாயிலுக்கு ஓட்டு குவிந்தது. யப்லான்ஸ்கி தோல்வியை ஒப்புக் கொள்ளவில்லை. தேர்தலை ரத்து செய்ய வேண்டுமென்று புகார் கொடுத்தார்.

டிசம்பர் 30-ந் தேதி ஜனாதிபதி நிக்ஸன், சுரங்கப் பாதுகாப்பு மசோதாவில் கையெழுத்திட்டார். தூசி அளவுக்கு உச்ச வரம்பு, கட்டாயப் பரிசோதனை, கரு நுரையீரல் நோயாளிகளுக்கு உதவித் தொகை எல்லாம் அதில் இருந்தன. யப்லான்ஸ்கி பிரசாரம் செய்த விஷயங்கள் இவை. அன்றிரவே கொலையாளிகள் அவர் வீட்டுக்கு வந்தார்கள்.

இருபதாயிரம் டாலர்

சதி ஆரம்பமானது எங்கே என்பது பின்னால் கோர்ட்டில் டர்ன்பிளேஸர் சொன்ன சாட்சியத்திலிருந்து தெரிந்தது. 1969 ஜூன் 23-ந் தேதி வாஷிங்டனில் நிர்வாகக் குழுக் கூட்டம். கூட்டம் முடிந்து வெளியே வரும் வழியில் பாயில், பாஸ், டர்ன்பிளேஸர் மூவரும் நின்று பேசினார்கள். யப்லான்ஸ்கியைத் தீர்த்துக் கட்ட வேண்டும் என்று பாயில் சொன்னார். வேறு யாரும் செய்யாவிட்டால் 19-வது ஜில்லா செய்யும் என்று பாஸ் ஏற்றுக் கொண்டார். வேலை நேரத்தில் ஒரு தாலுகா ஆபீஸ் தாழ்வாரத்தில் இரண்டு குமாஸ்தாக்கள் பேசிக் கொள்வது போல விஷயம் முடிந்துவிட்டது!

பிறகு பணத்துக்கு ஏற்பாடு. ஜில்லாவில் ‘ஆராய்ச்சி, தகவல் கமிட்டி’ என்று ஒன்றை ஏட்டில் படைத்தார்கள். ஓய்வு பெற்ற முதிய தொழிலாளர் 23 பேர் அதில் அங்கத்தினர். சங்கத்துக்கு ஆள் சேர்ப்பதற்காக ஊர் ஊராகப் போனார்கள் என்று செலவு எழுதினார்கள். தலைமையிலிருந்து 20,000 டாலர் வந்தது. முதியவர்கள் பெயரில் செக்குகள் எழுதப்பட்டன. அவர்கள் பாங்கியில் மாற்றி ரொக்கத்தை அப்படியே திருப்பிக் கொடுத்து விட்டார்கள்.

பணத்தை எடுத்துக் கொண்டு கீழே இறங்கிய வழி: பாஸிடமிருந்து ஜில்லாவின் ஊழியர் வில்லியம் பிரேடர், அவரிடமிருந்து டென்னஸியில் பென்ஷன்காரர் கிளை ஒன்றின் தலைவரான ஸைலஸ் ஹட்டில்ஸ்டன், அவரிடமிருந்து அவருடைய மாப்பிள்ளை பால் கில்லி. கில்லிக்குக் கிளீவ்லாந்து நகரில் வீடுகளுக்கு வர்ணம் பூசுகிற தொழில். அவர் பிடித்த கூட்டாளிகள் கிளாட் வீலி, பட்டி மார்ட்டின் என்ற இரண்டு சில்லறைத் திருடர்கள். பல முறை கிளார்க்ஸ்வில்லுக்கு வந்து காரியம் கைகூடாமல் திரும்பினார்கள். தேர்தலுக்கு முன் கொன்றால் சந்தேகம் நேராகப் பாயில் மேல் விழும் என்று, தேர்தல் முடியும் வரை பொறுக்கும்படி மேலிருந்து தகவல் வந்தது. 20,000 டாலரில் ஒரு பகுதிதான் கொலையாளிகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் இருந்தவர்கள் அதிலும் தரகு பார்த்தார்கள்.

நம்பர் பேசியது

கொலைச் செய்தி பரவியதும் மேற்கு வர்ஜினியாவில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் யார் சொல்லையும் எதிர்பாராமல் வேலையை விட்டு வெளியேறினார்கள். சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் அங்கேயே கூடிப் பேசினார்கள். ‘ஜனநாயகத்துக்கான சுரங்கத் தொழிலாளர்’ என்ற இயக்கம் அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது.

யப்லான்ஸ்கி குறித்து வைத்த கார் நம்பர், கில்லியின் மனைவி பெயரில் பதிவாகியிருந்தது. 1970 ஜனவரி மூன்றாவது வாரத்தில் மூவரும் பிடிபட்டார்கள். கொன்றவர்கள் கிடைத்தாயிற்று. கொல்லச் சொன்னவர் யார்? சர்க்கார் தரப்புக்கு நியமிக்கப்பட்ட வக்கீல் ரிச்சர்ட் ஸ்பிரேக் பொறுமைசாலி. கீழ்ப்படியில் இருந்தவரைத் தண்டனை பெறச் செய்வார். தண்டனை பெற்றவர் மனம் உடைந்து அடுத்த படியில் இருப்பவரைக் காட்டிக் கொடுப்பார். இப்படி ஒவ்வொரு படியாக ஏறினார்.

இடையில் தடையாக இருந்தவர்கள் அந்த 23 முதியவர்கள். கிராண்ட் ஜூரியின் முன் அவர்கள் ஆள் சேர்க்கப் போனதாகவே சாதித்தார்கள். இவர்கள் மேல் நமக்குக் கோபம் வருவது இயற்கை. ஆயினும் அவர்கள் நிலையில் நின்று பார்க்க வேண்டும். மூச்சுத் திணறும் உடம்பு, மாதாமாதம் வருகிற பென்ஷன், ஆஸ்பத்திரிச் சீட்டு. எல்லாம் சங்கம் கொடுத்தது. சங்கம் என்றால் அவர்களுக்குக் கண்ணெதிரே தெரிவது ஜில்லாக் காரியாலயமும் பாஸும்தான். கொலைக்கு என்று தெரிந்து கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல அவர்கள். தெரிந்த பிறகு உண்மையைச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. வெகு நாட்கள் கழித்து ஒருவர் பின் ஒருவராக உண்மையைச் சொன்னார்கள்.

1972-ல் கில்லியின் மனைவியும் அவளுடைய தகப்பனார் ஹட்டில்ஸ்டனும் குற்றத்தை ஒப்புக் கொண்டார்கள். 1973-ல் பிரேடர், அவருக்குப் பின் பாஸ் தண்டனை அடைந்தார்கள். பாஸ் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அதே வருஷம் ஆகஸ்டில் டர்ன்பிளேஸர் திறந்தார். செப்டம்பரில் பாயில் மேல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. கைதாகும் சமயத்தில் அவர் அளவுக்கு மீறி மருந்து உட்கொண்டு உயிரை விடப் பார்த்தார், காப்பாற்றி விட்டார்கள். 1974 ஏப்ரலில் ஜூரிகள் குற்றவாளி என்று தீர்மானித்தார்கள். மூன்று ஆயுள் தண்டனை. 1977-ல் மேல் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. 1978-ல் மறு விசாரணையிலும் குற்றவாளி என்றே முடிவாயிற்று. தாம் நிரபராதி என்றே கடைசி வரை சொல்லிக் கொண்டிருந்த பாயில், 1985-ல் தண்டனைக் காலத்திலேயே இறந்தார்.

ஓட்டு திரும்பி வந்தது

1972 மே மாதம் ஃபெடரல் நீதிபதி வில்லியம் பிரையன்ட், 1969-ம் வருஷத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தார். அதே மாதத்தில்தான் ஜில்லாக்களின் சுயாட்சி பற்றிய பழைய வழக்கும் தீர்ந்தது. சர்க்கார் மேற்பார்வையில் டிசம்பரில் மறு தேர்தல். யப்லான்ஸ்கியின் இடத்தில் நின்றவர் ஆர்னால்ட் மில்லர். மேற்கு வர்ஜினியாவில் கேபின் கிரீக் என்ற ஓடைக்கரை ஊர்க்காரர். யுத்தத்தில் நார்மண்டியில் காயம்பட்டவர். கரு நுரையீரல் நோயாளி. சுமார் 14,000 ஓட்டு வித்தியாசத்தில் பாயிலைத் தோற்கடித்தார்.

தலைவரின் சம்பளத்தை வருஷத்துக்கு 50,000 டாலரிலிருந்து 35,000 டாலராக மில்லர் குறைத்தார். தலைமைக் காரியாலயத்தின் காடிலாக் கார்களை விற்றார். 1973-ல் ஜில்லாக்களில் தேர்தல்கள் நடந்தன. அந்த வருஷக் கடைசியில் மகாநாடு கூடிய இடம் பிட்ஸ்பர்க், யப்லான்ஸ்கியின் 5-வது ஜில்லா. முதலாளிகளோடு செய்யும் ஒப்பந்தத்தைத் தொழிலாளரே ஓட்டுப் போட்டு ஏற்கவோ தள்ளவோ செய்யலாம் என்ற உரிமை அங்கே கிடைத்தது. லூயிஸ் காலத்தில் கனவிலும் நினைக்க முடியாத உரிமை.

மில்லர் நிர்வாகத்தில் கெட்டிக்காரர் அல்ல. கூட இருந்தவர்களோடு பிணக்கு. 1977 டிசம்பரில் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீண்ட வேலை நிறுத்தத்தில் அவர் பேசிக் கொண்டு வந்த ஒப்பந்தத்தைத் தொழிலாளரே, அவர் வாங்கித் தந்த உரிமையைக் கொண்டே, தள்ளினார்கள். 1979-ல் உடல் நலம் கெட்டு ராஜீனாமா செய்தார். அவருடைய காலத்தில் சங்கத்தின் சட்ட இலாகாவில் வேலை பார்த்த ரிச்சர்ட் டிரம்கா என்ற பென்ஸில்வேனியா இளைஞர் 1982-ல் தலைவரானது வேறு கதை.

மில்லரின் காலத்தில் நடந்த ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். 1973-ல் ஹார்லான் கவுன்டியில், அதாவது அதே 19-வது ஜில்லாவில், புரூக்ஸைட் என்ற சுரங்கத்தின் தொழிலாளர் ஐக்கிய சங்கத்தில் சேர ஓட்டுப் போட்டார்கள். கம்பெனி ஒப்பந்தம் செய்ய மறுத்தது. வேலை நிறுத்தம் பதின்மூன்று மாதம் நடந்தது. மறியலுக்கு இத்தனை பேர்தான் நிற்கலாம் என்று கோர்ட் தடை போட்டபோது, தொழிலாளரின் மனைவிமாரும் தாய்மாரும் விடியற்காலையில் தடி ஏந்தி ரஸ்தாவை மறித்தார்கள். பார்பாரா காப்பிள் என்ற பெண்மணி காமிராவோடு அங்கேயே தங்கி எடுத்த படம் பின்னால் ஆஸ்கார் பரிசு பெற்றது. இந்தத் தடவை சங்கத் தலைமை அவர்களுக்குப் பணமும் ஆளும் அனுப்பியது. 1974 ஆகஸ்டில் வேலை நிறுத்தக்காரர்களில் ஓர் இளைஞர் சுடப்பட்டு இறந்தார். அவருக்கு மணமாகி, கைக்குழந்தையும் இருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.